கம்பளத்தின் பின்பக்கம்

1

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஏதோ ஒரு வளைவில் பஸ்ஸுக்குள் ஆரம்பித்த பேச்சுதான் இந்தக் கட்டுரை. இரண்டு நாள் வாசிப்பு முகாமுக்காகப் போய்க்கொண்டிருந்தோம். சேலத்து நண்பர் ஒருவர், நெசவாளர் சங்கத்தில் பல வருடம் வேலை செய்தவர், என் மதிப்புக்குரியவர், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரு எஸ்டேட் கேட்டைக் காட்டி, "எல்லாம் வந்தேறிக் கூட்டம். மலையே இவனுங்க கையிலதான்" என்றார். எங்களுக்கு முன்சீட்டில் இன்னொரு நண்பர் உட்கார்ந்திருந்தார். சௌராஷ்டிரர். வீட்டில் ஒரு மொழி, தறியில் ஒரு மொழி, சங்கத்தில் தமிழ் என்று வாழ்பவர். அவர் திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டேதான், "அப்ப நான் எந்த வளைவுல இறங்கிக்கணும் தோழர்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பஸ் அடுத்த வளைவில் திரும்பியது.

நாங்கள் தங்கிய பழைய வீட்டின் கூடத்தில் ஒரு கம்பளம் கிடந்தது. நிறம் வெளுத்த பழைய சாமான். நடுவில் ஒரு பதக்கம், சுற்றிக் கொடிகள், ஓரத்தில் பூக்கட்டம். பாரசீகத் தோட்டத்தைத் தரையில் விரிக்கிற அதே பழைய வரைவு. இரவு பேச்சு முடிந்து எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்திருந்தபோது, அந்தச் சங்கத்து நண்பர் அதன் ஒரு மூலையைப் புரட்டினார். "இந்தப் பக்கம் பாருங்க. முன்பக்கம் வாங்குறவனுக்கு. பின்பக்கம்தான் நெஞ்சவனுக்கு" என்றார். பிறகு கட்டைவிரல் நகத்தால் முடிச்சுகளை எண்ண ஆரம்பித்தார்.

கம்பளத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் அதைப் புரட்டித்தான் பார்ப்பார்கள். முன்பக்கத்தில் ரோமம் முடிச்சை மறைத்துவிடும். பின்பக்கத்தில் ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாகத் தெரியும். பாவு நூல் இரண்டில் ஒன்றை முழுதாகச் சுற்றி இன்னொன்றின் அடியில் விட்டு இழுத்தால் அது பாரசீக முடிச்சு. இரண்டையும் ஒரேமாதிரிச் சுற்றி நடுவில் இழுத்தால் துருக்கி முடிச்சு. எவ்வளவு நெருக்கம், எங்கே கை தளர்ந்தது, எங்கே வேறொரு ஆள் வந்து உட்கார்ந்தான், எல்லாம் பின்பக்கத்தில் பதிவாகியிருக்கும். கலை வரலாறு என்று நமக்குச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் முன்பக்கம். அதைப் புரட்டிப் பார்த்தால் 'வந்தேறி' என்ற சொல்லுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

2

கலை வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு தொடர் 'பாரசீகச் செல்வாக்கு'. தாஜ்மகாலில் பாரசீகச் செல்வாக்கு, முகலாய ஓவியத்தில் பாரசீகச் செல்வாக்கு, பீதரின் ஓட்டுவேலையில் பாரசீகச் செல்வாக்கு. தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் நாங்களும் இப்படித்தான் எழுதி மார்க் வாங்கினோம். 'வடமொழிச் செல்வாக்கு', 'மேலைநாட்டுத் தாக்கம்' என்று. செல்வாக்கு என்பது ஏதோ காற்றுமாதிரி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வீசும், யாரும் நடக்க வேண்டியதில்லை, யாருக்கும் கால் வலிக்காது என்பதுபோல ஒரு பிம்பம் இதில் இருக்கிறது. இந்தப் பிம்பத்தின் வேலையே உடம்பை மறைப்பதுதான். பாணி பயணம் செய்வதில்லை. பாணியைக் கையில் வைத்திருக்கிற ஆள் பயணம் செய்கிறான், அல்லது இழுத்துச்செல்லப்படுகிறான்.

தைமூரை எடுத்துக்கொள்வோம். 1379இல் ஊர்கெஞ்ச் நகரை அழித்தபோது அங்கிருந்த கைவினைஞர்களைத் தன் சொந்த ஊரான கேஷுக்கு ஓட்டிச்சென்றான். 1398இல் டெல்லியில் கொன்று குவித்தபோது கல்தச்சர்களைத் தனியே பிரித்து சமர்கண்டுக்கு அனுப்பினான். 1401இல் தமாஸ்கஸிலும் இதே கதை. 1404இல் காஸ்டில் அரசின் தூதராக சமர்கண்டுக்குப் போன கிளாவிஹோ, தமாஸ்கஸின் பட்டு நெசவாளர்களையும் வில் செய்கிறவர்களையும் கண்ணாடி, மண் வேலைக்காரர்களையும் அங்கே பார்த்து எழுதியிருக்கிறார். ஊரைக் கொன்றவன் விரல்களை மட்டும் விட்டுவைத்தான். 'தைமூரியக் கலை' என்று நாம் வியக்கிற நீல ஓடுகளின் பின்பக்கம் இது.

1402இல் அங்காராப் போரில் துருக்கியச் சுல்தானைத் தோற்கடித்தபோது பூர்சா நகரிலிருந்து அலி என்ற ஓவிய வேலைக்காரரையும் தைமூரின் ஆட்கள் சமர்கண்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அலி ஊர் திரும்பினார். 1424இல் முடிந்த பூர்சாவின் பச்சை மசூதியின் அலங்கார வேலையை அவர்தான் பார்த்துக்கொண்டார். அவர் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. மிஹ்ராபின் அருகே 'தப்ரீஸ் ஆசான்களின் வேலை' என்ற பொருளில் இன்னொரு பொறிப்பும் உண்டு. தப்ரீஸ் ஈரானின் வடமேற்கு நகரம். ஒரே சுவரில், சிறைப்பட்டுப் போய்த் திரும்பிய உள்ளூர்க்காரன் ஒருவனும், பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள் பலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதில் 'செல்வாக்கு' எந்தத் திசையில் ஓடுகிறது? 1514இல் சுல்தான் செலிம் தப்ரீஸைப் பிடித்தபோது அங்கிருந்த கைவினைஞர்களை மொத்தமாக இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோனார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இடப்பெயர்வு என்ற சொல்லே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பாதிக்குப் பாதி இது கொள்ளை. கொள்ளைப்பொருள் மனிதர்கள்.

மறுபாதி பிழைப்பு. அரசு கைவிட்டபோதும், புரவலர் மாறியபோதும் வேலைதேடிப் போனவர்கள். ஈரானில் ஷா தஹ்மாஸ்ப் ஓவியத்தில் ஆர்வம் குறைந்திருந்த காலத்தில், ஆட்சியிழந்து அங்கே அடைக்கலம் புகுந்திருந்த ஹுமாயூன் அங்கிருந்த ஓவியர்களை அழைத்தார். மீர் சையத் அலியும் அப்துஸ் சமதும் 1549இல் காபூல் வந்துசேர்ந்தார்கள். இந்த இருவரின் மேற்பார்வையில்தான் அக்பர் காலத்தில் ஹம்சாநாமா ஓவியங்கள் உருவாயின. சுமார் 15 ஆண்டு வேலை, 1400 படங்கள். பாடநூல் இங்கே நிறுத்திக்கொள்ளும்: இரண்டு பாரசீக மேதைகள் வந்தார்கள், முகலாய ஓவியம் பிறந்தது.

ஆனால் இரண்டு பேரால் 1400 படம் வரையமுடியாது. அந்தப் பட்டறையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் இந்த மண்ணின் ஓவியர்கள். அவர்களில் ஒருவர் தஸ்வந்த். பல்லக்குத் தூக்கும் கஹார் சாதியில் பிறந்தவர், சுவர்களில் கிறுக்கிக்கொண்டிருந்த பையன், அக்பரின் கண்ணில் பட்டு அப்துஸ் சமதிடம் ஒப்படைக்கப்பட்டார் என்று அபுல் ஃபஸல் எழுதுகிறார். சில ஆண்டுகளில் ஆசான்களுக்குச் சமமாக வந்தார். பாரசீகத்தில் ரஸ்ம்நாமா என்று பெயர்க்கப்பட்ட மகாபாரதப் பிரதியின் முதன்மை ஓவியர் அவர். 1584இல் மனம் பிறழ்ந்து தன்னையே குத்திக்கொண்டு இறந்தார். பல்லக்குத் தூக்குகிறவனின் மகன் அரசவையின் தலைசிறந்த ஓவியனாக ஆனதற்கு, சாதி தெரியாத ஒரு வெளிநாட்டு ஆசான் தேவைப்பட்டார் என்று நான் எழுத ஆசைப்படுகிறேன். ஆனால் அது அவசரப்பட்ட வாக்கியம். அந்த ஆசானின் கையில் பையனை ஒப்படைத்தது அரசு. பட்டறை அரசுடையது. படத்தின் ஓரத்தில் யார் பெயர் எழுதவேண்டும் என்பதும் அரசு எழுத்தனின் கையில். இருந்தாலும் ஒன்றைச் சொல்லலாம்: குலத்தொழில் என்ற சுவரில் ஒரு விரிசல் விழுந்தது, அந்த விரிசலுக்குக் காரணம் வெளியிலிருந்து வந்த ஒரு தொழில்.

3

தக்காணத்துக்கு வருவோம். பீதரில் 1472இல் கட்டப்பட்ட மதரசாவின் சுவரில் இன்றும் நீலமும் மஞ்சளும் வெள்ளையுமான ஓடுகள் மிச்சமிருக்கின்றன. அதைக் கட்டியவர் மஹ்மூத் கவான். காஸ்பியன் கடலோரக் கீலானிலிருந்து வந்த வணிகர், பாமினி அரசின் தலைமை அமைச்சராக ஆனவர். அவர் காலத்தில் பாமினி அரசியல் இரண்டு கட்சியாகப் பிளந்து கிடந்தது. ஒரு பக்கம் தக்கனிகள், அதாவது முன்பே வந்து குடியேறி இந்த ஊர்க்காரர்களாக ஆகிவிட்டவர்கள், உள்ளூரில் மதம் மாறியவர்கள். மறுபக்கம் ஆஃபாக்கிகள், ஈரானிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் புதிதாக வந்தவர்கள். 1481இல் கவானின் முத்திரையைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி ஒரு கடிதம் தயாரித்து, அவரைத் துரோகி என்று சுல்தானை நம்பவைத்து, தலையை வெட்டவைத்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் ராஜ்யம் ஐந்தாக உடைந்துபோனது.

கவனியுங்கள். சண்டைபோட்ட இரண்டு தரப்பிலும் ஆட்சியில் பங்குள்ளவர்கள்தான் இருந்தார்கள். கன்னட, தெலுங்கு, மராத்தி உழவனுக்கும் நெசவாளிக்கும் அந்தச் சண்டையில் இடமே இல்லை. முதலில் வந்தவன், பிறகு வந்தவனை 'வந்தேறி' என்றான். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய அரண்மனைச் சண்டையின் இலக்கணம் நம் காலத்து மேடைகளில் அச்சு மாறாமல் ஒலிக்கிறது.

அந்த ஆஃபாக்கிகளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது: கரீப். அரபியிலும் பாரசீகத்திலும் 'அந்நியன், வெளியூரான்' என்று பொருள். அந்தச் சொல் உருதுக்கும் இந்திக்கும் வந்து 'ஏழை' என்று ஆகிவிட்டது. அரசியல் சுலோகங்களில் வருகிற 'கரீபி' இதுதான். நம்மிடமும் இதே விபத்து நடந்திருக்கிறது. பரதேசி என்றால் பிறதேசத்தான். நம் தெருவில் அந்தச் சொல்லுக்குப் பிச்சைக்காரன் என்று பொருள். "பரதேசிப் பயலே" என்பது வசவு. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் ஒரே பாதையில் நடந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. வெளியூர்க்காரன், ஆகவே ஏழை, ஆகவே கேவலம். மொழிக்குள்ளேயே ஒரு சமூகத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. கவான்மாதிரி ஆட்களை யாரும் பரதேசி என்று வையமாட்டார்கள். அந்தச் சொல் போய்ச் சேர்வது கையில் உளியோடு வந்தவனைத்தான்.

யாருக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இருந்தது என்று பார்த்தாலும் இதே வர்க்கப்பிரிவுதான் தெரிகிறது. தாஜ்மகாலின் எழுத்தணி வேலையைச் செய்தவர் ஷீராஸிலிருந்து வந்த அமானத் கான். கல்லறை மண்டபத்துக்குள் தன் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் பொறித்திருக்கிறார். அது 1638–39. அந்தக் கட்டடத்தில் பெயர் பொறித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவர் சகோதரர் அப்சல் கான், ஷாஜகானின் அமைச்சர். அதே வளாகத்தில் கல் இழைத்தவர்கள் தரைக்கற்களில் நட்சத்திரம், முக்கோணம், மீன் என்று சின்னச் சின்னக் குறிகளைக் கொத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். கூலிக்கணக்குக்கான குறிகள் அவை என்பார்கள். அவர்களுக்குக் கிடைத்த கையெழுத்து அவ்வளவுதான்.

4

தெற்கே கம்பளம் வந்த பாதை ஆந்திரக் கரையோரம். எலூருவின் கம்பள நெசவாளர்கள் தங்களைப் பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மரபு உண்டு. பக்கத்து மசூலிப்பட்டினம் கோல்கொண்டா அரசின் துறைமுகம். பாரசீக வணிகர்களும் கப்பல்களும் நிறைந்த ஊர். அங்கேதான் துணியில் எழுதும் வேலைக்குக் 'கலம்காரி' என்ற பெயர் நிலைத்தது. கலம் என்றால் எழுதுகோல், காரி என்றால் வேலை. எழுதியவர்கள் இந்தக் கரையின் ஆட்கள். சிவப்பு கொடுத்தது இந்த மணலில் விளைந்த சாயவேர். வடிவம் கேட்டது பாரசீகச் சந்தை. அந்தத் துணி கப்பலேறிப் பாரசீகத்துக்குப் போனது. இஸ்ஃபஹானிலும் அதேமாதிரி வேலை நடந்தது. யார் யாரிடம் கற்றார்கள்? கடலுக்கு இரண்டு கரையிலும் ஆட்கள் உட்கார்ந்து ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் பதில். தமிழ்நாட்டிலும் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டையில் துணியில் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு 'இது இந்த மண்ணுக்கு உரியது' என்று சான்று தருகிறது. பெயரோ பாதி கடலுக்கு அப்பால். இதில் எனக்கு முரண் ஒன்றும் தெரியவில்லை. மண்ணுக்கு உரியதாவது என்பது பிறப்புச் சான்றிதழ் அல்ல, வேலை.

எலூருக் கம்பளங்கள் 1851இல் லண்டன் பெரும் பொருட்காட்சிக்குப் போய்ப் பேர் வாங்கின. பேர் வாங்கியதுதான் வினையாயிற்று. ஆங்கில வியாபாரிகள் விலையைக் குறைக்கச் சொன்னார்கள், வடிவத்தை மாற்றச் சொன்னார்கள். 1856க்குப் பிறகு வந்த ரசாயனச் சாயம் வேரையும் பட்டையையும் தள்ளிவிட்டது. ஜார்ஜ் பேர்ட்வுட் என்ற ஆங்கிலேய அதிகாரியே 1880இல் எழுதிய 'இந்தியாவின் தொழிற்கலைகள்' நூலில் மசூலிப்பட்டினத்துக் கம்பளம் ஐரோப்பியக் கேட்பினால் கெட்டுப்போனதாகப் புலம்புகிறார். இன்னொரு குற்றவாளியையும் அவர் அடையாளம் காட்டுகிறார்: சிறை. காலனிய அரசு கைதிகளைத் தறியில் உட்காரவைத்தது. கூலி இல்லாத கையோடு கூலிக்கை போட்டிபோட முடியாது. விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்தில் விரிந்துகிடக்கும் பிரமாண்டமான கம்பளம், சுமார் 2 டன் எடை, 1894இல் விக்டோரியா மகாராணிக்காக ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்தது. தைமூர் கைவினைஞர்களைக் கைதியாக்கினான். பிரிட்டிஷ் அரசு கைதிகளைக் கைவினைஞர்களாக்கியது. இரண்டிலும் கை மட்டும் வேண்டும், ஆள் வேண்டாம்.

இதன் நேர் எதிர்முனையும் உண்டு. காஷ்மீர்ச் சால்வை நெசவும் ஈரான், மத்திய ஆசிய உறவில் வளர்ந்த தொழில்தான். சால்வை என்ற சொல்லே பாரசீகத்தின் 'ஷால்'. வடிவத்தைக் குறியீடாக எழுதிவைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் நெய்யும் 'தாலிம்' முறை அங்கே இன்றும் இருக்கிறது. டோக்ரா அரசு நெசவாளர்களின் ஒவ்வொரு சால்வைக்கும் 'தாக் ஷால்' என்ற வரி போட்டது. தொழிலை விடவும் கூடாது, நாட்டைவிட்டு ஓடவும் கூடாது. 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகர் ஸால்டகரில் நெசவாளர்கள் ஊர்வலமாகத் திரண்டார்கள். ராணுவம் விரட்டியதில் பாலத்திலிருந்து விழுந்தும் அடிபட்டும் 28 பேர் செத்தார்கள். இந்தியத் தொழிலாளர் போராட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தேதியை முதல் பக்கத்தில் வைக்கவேண்டும். இங்கே அரசு செய்த கொடுமை இடம்பெயர்த்தது அல்ல, இடம்பெயரவிடாமல் கட்டிப்போட்டது. நாம் கூட்டம் முடிந்ததும் மேடையில் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்கிறோம்.

5

பஸ்ஸில் கேள்வி கேட்ட நண்பரிடம் திரும்புகிறேன். சௌராஷ்டிரர்கள், பட்டுநூல்காரர்கள், குஜராத்திலிருந்து நூற்றாண்டுகளாக நடந்துவந்தவர்கள். சேலம், மதுரை, பரமக்குடி, அய்யம்பேட்டை என்று தறி இருக்கும் ஊர்களில் தங்கியவர்கள். நெசவாளர் இடப்பெயர்வைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கிற அருமையான ஆவணம் மந்தசோர்க் கல்வெட்டு. லாட நாட்டிலிருந்து, அதாவது தென்குஜராத்திலிருந்து, பட்டு நெசவாளர் குழு ஒன்று தசபுரத்துக்குக் குடியேறி, 437–38இல் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டி, 473–74இல் அதைப் பழுதுபார்த்தது என்று அது சொல்கிறது. அந்தக் குழுவுக்கும் இன்றைய சேலத்துக்காரர்களுக்கும் நேர்க்கோடு போடுவது வரலாறு ஆகாது. ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு செய்தி இருக்கிறது: வந்த நெசவாளர்களில் சிலர் வில்வித்தைக்கும், சிலர் கதை சொல்வதற்கும், சிலர் சோதிடத்துக்கும் போய்விட்டார்கள். ஊர் மாறியபோது தொழிலும் மாறமுடிந்தது. சாதி என்பது ஒரே இடத்தில் நின்றால்தான் இறுகுகிறது என்று இதைவைத்து ஒரு கருதுகோள் சொல்லலாம். ஆனால் தமிழ்நாட்டு அனுபவம் அதைத் திருத்துகிறது. இங்கே வந்து தங்கவேண்டுமானால் வந்தவன் ஒரு சாதியாக ஆகவேண்டும். மதுரையில் பட்டுநூல்காரர்கள் ஆவணி அவிட்டச் சடங்கு செய்ததற்காகப் பிடிக்கப்பட்டு, மங்கம்மாள் காலத்தில் அந்த உரிமையை வாதாடிப் பெற்ற கதை அதுதான். பூணூல் அவர்களுக்குக் குடியுரிமைச் சீட்டுமாதிரி. கைவேலை மட்டும் போதாது என்று இந்த ஊர் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

தமிழ் இலக்கிய வரலாறும் இப்படித்தான் வந்தவர்களை வாசலில் நிறுத்தியது. 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' முழுதாகக் கிடைத்திருக்கும் தமிழ் இஸ்லாமிய நூல்களில் பழையது. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்று அரபு, பாரசீகப் பெயரோடு தமிழில் ஒரு வரிசை இலக்கிய வகைகளே உண்டு. நாமா பாரசீகச் சொல். ஹம்சாநாமாவில் வரும் அதே நாமா. எம்.ஏ.வில் இதெல்லாம் எங்களுக்கு ஒரே ஒரு பத்தி. 'பிற சமயத்தார் தொண்டு' என்ற தலைப்பின் கீழ். தொண்டு என்ற சொல்லைப் பாருங்கள். சொந்த வீட்டில் சமைத்தவளுக்கு யாராவது 'உதவிக்கு நன்றி' என்பார்களா?

ஏற்காட்டுக்கு வந்த பாரசீகம் கம்பளம் வழியாக மட்டும் வரவில்லை. காகிதம் வழியாகவும் வந்தது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினிக்குக் கைமாறின. அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டது இங்கேதான். அவர்கள் கையிலிருந்த நிர்வாக மொழி, முன்பிருந்த அரசுகளிடமிருந்து வாங்கிய பாரசீக மொழி. 1837இல் கும்பினி பாரசீகத்தை அலுவல் மொழியிலிருந்து நீக்கிவிட்டது. சொற்கள் போகவில்லை. தாசில்தார், ஜமாபந்தி, குமாஸ்தா, கிஸ்தி. ஏற்காடு தாலுகா ஆபீசில் ஜமாபந்தி அன்று மனுவோடு நிற்கிற மலைவாசி, தனக்குத் தெரியாமலே அரபும் பாரசீகமும் பேசிக்கொண்டிருக்கிறார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியை மலைக்கு ஏற்றினார். காப்பிக்குப் பின்னால் எஸ்டேட். எஸ்டேட்டுக்கு நிழலாக ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக். பின்னொரு காலத்தில் மலையையே வெட்டி பாக்சைட்டாக மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மலைக்கு வந்தது ஒரு தாள்.

இங்கேதான் எனக்கு ஒரு வேறுபாடு பிடிபட்டது. பாரசீகம் நமக்கு இரண்டு விகுதிகளைத் தந்திருக்கிறது. ஒன்று 'தார்': வைத்திருப்பவன், உடையவன். ஜமீன்தார், மிராசுதார், தாசில்தார். இன்னொன்று 'கார்': வேலை. கலம்காரி, காரீகர். (நம் 'காரன்' வேறு வழியில் வந்தது, ஆனாலும் தூரத்துச் சொந்தம்.) இரண்டும் ஒரே மொழியிலிருந்து வந்தவை. ஆனால் ஒன்று அல்ல. 'வந்தேறி' என்ற சொல் செய்கிற பெரிய மோசடி, 'தாரை'யும் 'காரை'யும் ஒரே மூட்டையில் கட்டுவது. எஸ்டேட்டைப் பிடித்தவன்மேல் உள்ள நியாயமான கோபத்தை எடுத்து, தறியில் உட்கார்ந்திருப்பவன்மேல் இறக்கிவைக்கிறது. ஆளவந்தவனும் பிழைக்கவந்தவனும் ஒன்று என்று ஆகிவிட்டால் லாபம் யாருக்கு? உள்ளூர் 'தாரு'க்கு. அவர் பூர்வகுடி ஆகிவிடுவார், அவரிடம் யாரும் கணக்குக் கேட்கமுடியாது.

இதற்கு எதிராகக் 'கலப்பு அழகு, எல்லாப் பண்பாடும் கலவைதான்' என்று பாடுகிற மேட்டுக்குடிக் குரலும் எனக்கு உவப்பானதல்ல. சமர்கண்டின் நீல ஓடு கலவைதான். அதற்குள் ஊர்கெஞ்சின் பிணங்களும் கலந்திருக்கின்றன. கலப்பைக் கொண்டாடுவதற்கு முன்னால், யார் விரும்பி வந்தார்கள், யார் கட்டி இழுத்துவரப்பட்டார்கள், வந்த இடத்தில் யாருடைய வேலையை, யாருடைய நிலத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். முடிச்சு எண்ணுவதுமாதிரி.

முகாமில் இதைச் சொன்னபோது சௌராஷ்டிர நண்பர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ரொம்ப சௌகரியமா பிரிச்சுட்டீங்க. எங்க ஆளுங்கள்ளயே நாலு தறி வச்சவன் நாப்பது தறி வச்சதும் 'தார்' ஆயிட்டான். கூலி கேட்டா தமிழன்கிட்ட ஒரு மாதிரி, எங்ககிட்ட ஒரு மாதிரியெல்லாம் பேசறதில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே கூலிதான் குறைக்கிறான்" என்றார். சரிதான். தாரும் காரும் இரண்டு சாதி அல்ல, இரண்டு இனமும் அல்ல. கவான் ஈரானியர், 'தார்'. தஸ்வந்த் இந்தியர், 'கார்'. கோடு சமூகங்களுக்கு நடுவில் அல்ல, ஒவ்வொரு சமூகத்துக்கும் உள்ளே ஓடுகிறது.

6

கடைசி நாள் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலையின் உச்சி மேட்டில், குனிந்து நுழைகிற ஒரு குகை. உள்ளே சேர்வராயரும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலை ஊர்களெல்லாம் திரண்டு வருகிறது. மலையாளி மக்களின் சாமி. இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள், மலைவாழ் தமிழர்கள். வெளியே டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் சங்கத்து நண்பர் அவரிடம், "நீங்கதான் ஐயா இந்த மலைக்கு ஆதிக்குடி" என்றார், கொஞ்சம் பிரசங்கத் தொனியில்.

பெரியவர் சிரித்தார். "நாங்களும் காஞ்சிபுரத்துலருந்து ஏறி வந்தவங்கதான் தம்பி. அண்ணன் தம்பி மூணு பேரு. பெரியண்ணன் இங்க, நடுவண்ணன் பச்சமல, சின்னண்ணன் கொல்லிமல."

இந்தக் கதை புதிதல்ல. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இருக்கிறது. அதில் பதிவான ஒரு வடிவத்தில், மூன்று அண்ணன் தம்பிகளும் வந்த இடத்தில் வேறு வேறு சாதியில் பெண் கட்டினார்கள்: மூத்தவருக்குக் கைக்கோளர் பெண், நடுவருக்கு வேடர் பெண், இளையவருக்குத் தேவேந்திரர் பெண். அதாவது சேர்வராயன் மலையின் முதல் தாய் ஒரு நெசவாளி வீட்டுப் பெண். ஒரு மலைச்சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மூலக்கதையில் தூய்மை இல்லை, கூச்சமும் இல்லை. நாங்கள் வந்தவர்கள், கலந்தவர்கள் என்று அது தைரியமாகச் சொல்கிறது. கோயில் வாசலில் உட்கார்ந்து சொல்கிறது.

நான் கேட்டேன்: "அப்ப உங்களுக்கும் எஸ்டேட்டுக்காரங்களுக்கும் என்னங்க ஐயா வித்தியாசம்?"

அவர் டீயைக் குடித்து முடித்து கிளாஸைத் தலைகீழாக ஆட்டிவிட்டுச் சொன்னார்: "நாங்க வந்தப்ப காயிதம் கொண்டாரல தம்பி."

இறங்குகிறபோது பஸ்ஸில் கூட்டம் அதிகம். சங்கத்து நண்பருக்கும் சௌராஷ்டிர நண்பருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. கூலி உயர்வுக்கு அடுத்த மாதம் கொடுக்கவேண்டிய மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அடிவாரம் வரை அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை.